ரெண்டு பேர் சொல்லணும்

கொஞ்சம் காலை மடக்கிக்கறியாம்மா, நான் இந்த வாசப் பக்கமா உக்காந்துக்கறேன். புள்ள தூங்குதா? தூங்கட்டும், நான் மெதுவாத்தான் பேசுவேன். எனக்கு அந்தப் படிக்கட்டு தெரியணும், அவ்வளவுதான். படகு வந்தா அங்கதான் கட்டுவாங்க. பேரெல்லாம் எழுதுதே ஒரு பொண்ணு, அது வந்து, "பாட்டி, உள்ள ஃபேனுக்குக் கீழ எடம் இருக்கு, வாங்க"ங்குது. கரண்டே இல்ல. ஃபேனுக்குக் கீழ உக்காந்தா என்ன, தூணுக்குக் கீழ உக்காந்தா என்ன.

கல்யாண மண்டபத்துக்கு மாத்துச் சேலை கூட இல்லாம வந்தது இதுதான் முதல் தடவை. அங்க பாரு, பொண்ணு மாப்பிள்ளை உக்கார்ற நாற்காலி மேல யாரோ ஈரப் பாவாடையக் காயப் போட்டிருக்காங்க. போடட்டும். வேற எங்க போடுவாங்க.

இந்த உப்புமா சாப்பிட்டியா? கெட்டுப் போகலையே? நல்லாருக்குங்கறே. அந்தப் பச்சைச் சேலை அம்மாவும் சாப்பிட்டாங்களே, அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன். நல்லாருக்காமா? சரி. அப்புறம் சாப்பிடறேன். இப்பப் பசி இல்ல.

யாருக்காகப் படிக்கட்டையே பாக்கறேன்னா கேக்கறே? எங்க வீட்டுக்காரருக்காகத்தான். பேரு நான் சொல்ற வழக்கமில்ல. வாசல் பலகையில பி. கலியபெருமாள்னு இருக்கும், அந்தப் பலகை இப்பத் தண்ணிக்குள்ள இருக்கு. நாங்க மூணாவது குறுக்குத் தெரு, முதல் மாடி. கீழ் வீடு முழுகிப் போச்சு. தண்ணி எங்க மாடிப்படி ஏறிக்கிட்டே வருது. மத்த குடித்தனமெல்லாம் முன்னாடியே கெளம்பிப் போயிட்டாங்க. வாட்ச்மேன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன், அவன் பொழைச்சான்.

காலையில தேசப்பன் படகு வந்துச்சு. எண்ணூர்ப் பக்கத்துப் புள்ள, மீன்பிடிக்கற படகையே லாரியில ஏத்திக் கொண்டாந்திருக்காங்க. ஒத்தை ஆளா வந்தான். கூட வர்றவன் காலுல கண்ணாடி குத்தி உக்காந்துட்டானாம். அந்த ஒத்தை ஆளா வந்ததுதான் வினையாப் போச்சு. அவன் கூட இன்னொருத்தன் வந்திருந்தா நான் இப்ப உங்கிட்ட இந்தக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன்.

எங்க பால்கனிக்குக் கீழ படகை நிறுத்தி, "அய்யா, சாயங்காலம் ஏரிய இன்னும் தொறக்கப் போறாங்கோ. முதல் மாடி தாங்காது. அம்மாவக் கூட்டிக்கினு எறங்குங்க"ன்னான்.

இவர் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிதானமா கேக்கறார். "உங்களுக்கு யார் சொன்னது?"

"ஆபீசர் சொன்னாருங்கய்யா."

"நீங்க நேர்ல கேட்டீங்களா?"

"நான் கேக்கல, என் மச்சான் கேட்டான்."

"அப்ப இது ஒருத்தர் சொன்னது. வேற யாராவது தனியா கேட்டிருக்காங்களா?"

தேசப்பன் என்னப் பாக்கறான். அவனுக்கு என்ன தெரியும் பாவம். "அய்யா, இன்னாத்துக்கு இவ்ளோ கேள்வி, தண்ணி ஏறுதுங்கய்யா. வோணும்னா மச்சானையே இட்டாறேன்"ங்கறான். "மச்சானும் நீங்களும் ஒரே வாய். வேற ஆள் சொல்லணும்"னு சொல்லிட்டார்.

நான் சொன்னேன், "இதோ நான் சொல்றேன், எறங்குங்க"ன்னு.

"நீ சொல்றது கணக்குல வராது லோகா. நீ போ. இன்னொருத்தர் சொன்னா நான் பின்னால வந்துடறேன்."

காபித்தூள் வாங்கிட்டு வான்னு சொல்ற மாதிரி சொல்றார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. கோவம் கூட இல்ல, அலுப்பு. எத்தனை வருஷம். சரின்னு முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறி உக்காந்து வந்துட்டேன். வந்த உடனே இங்க கலீலப் பாத்தேன். எங்க தெரு முனையில மருந்துக்கடை வச்சிருக்கற புள்ள. அவன் வார்டு ஆபீசுக்கே நடந்து போயி, தொறக்கப் போறாங்கன்னு தன் காதால கேட்டுட்டு வந்திருக்கான். நான் தேசப்பன் கையையும் கலீல் கையையும் புடிச்சு, ரெண்டு பேருமா போங்கப்பா, ஆனா சேர்ந்தாப்ல நின்னு சொல்லாதீங்க, ஒருத்தர் சொல்லும்போது இன்னொருத்தர் அந்தாண்ட இருங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். இப்பத்தான் போனாங்க. போற வழியில வயசானவங்க ரெண்டு வீட்டுல இருக்காங்களாம், அவங்களையும் ஏத்திக்கிட்டு வரணும். நேரம் ஆகும்.

பைத்தியமான்னு கேக்கறியா? கேக்கலையா, மூஞ்சியப் பாத்தா கேக்கற மாதிரி இருந்துச்சு. பைத்தியமெல்லாம் இல்லம்மா. பத்திரிகை.

அதச் சொன்னாத்தான் உனக்கு இது புரியும்.

எனக்குக் கல்யாணமான புதுசுல அவர் கடலோரத் தாலுகா ஒண்ணுல துணைத் தாசில்தார். ஐப்பசி கார்த்திகைன்னா அந்தப் பக்கம் யாரும் துணிய நம்பிக் காயப் போட மாட்டாங்க, அப்படிக் காத்து. ஒரு நாள் மத்தியானம் ஒரு தலையாரி சைக்கிள்ல மூச்சு வாங்க ஓடியாந்தான். அய்யா, கடல் உள்ள வந்துடுச்சு, குப்பத்துக்குப் பின்னால தண்ணி நிக்குதுன்னான். அந்தத் தலையாரிக்கு ஒண்ணரைக் கண்ணு. அவன் பின்னால சோடாக் கடை வச்சு நல்லா இருந்தான், அவன் பொண்டாட்டிதான் எனக்குக் கருவாட்டுக் கொழம்பு கத்துக் குடுத்தா, அது வேற கதை. இவர் அந்த ஒருத்தன் சொன்னத நம்பி, தமுக்கு அடிச்சு, எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு உத்தரவு போட்டுட்டார். உப்பங்கழி மேல சின்ன மரப்பாலம். மொத்த சனமும் அது மேல. மாசமா இருந்த ஒரு பொண்ணு நெரிசல்ல விழுந்துடுச்சு. போயிடுச்சு.

கடல் இருந்த எடத்துலதான் இருந்துச்சும்மா. அந்த ஆளு பாத்தது உப்பளத்துல வெயில் மினுக்கினது.

யாரும் இவரக் குத்தம் சொல்லல. கலெக்டர் கூட, நல்ல எண்ணத்துல செஞ்சதுதானேன்னு சொல்லி விட்டுட்டார். விட்டது தான் தப்புன்னு எனக்குத் தோணும். நாலு பேர் திட்டியிருந்தா ஆள் தேறியிருப்பார். அதுக்கப்புறம் அவர் வாயில வந்ததெல்லாம் ஒரே பேச்சுதான், ரெண்டு பேர் சொல்லணும். ஒருத்தர் சொன்னா அது காதுல விழுந்தது. ரெண்டு பேர், ஒருத்தர ஒருத்தர் தெரியாத ரெண்டு பேர், தனித்தனியா சொன்னாத்தான் அது சேதி.

அப்படித்தான் பத்திரிகை ஆரம்பிச்சார். 'தயார்நிலை'ன்னு பேரு. மூணு மாசத்துக்கு ஒண்ணு. நீ பாத்திருக்க மாட்டே, கடையில தொங்காது. சினிமா, சமையல்குறிப்பு எதுவும் இருக்காது. புயல், வெள்ளம், தீ விபத்து, கட்டடம் இடிஞ்சது, தேர்ல கூட்டம் நெரிஞ்சது, இதுங்கள்ல நின்னு வேலை பாத்தவங்களே எழுதறது. தாசில்தார், ஃபயர் சர்வீஸ்காரர், டாக்டர், இன்ஜினியர். எங்க கோட்டை விட்டோம், அடுத்த தடவை என்ன செய்யணும், அது மட்டும்தான். அழுகாச்சி எழுதினா இவர் கோடு போட்டு அடிச்சுடுவார். "அழறதுக்கு வேற பத்திரிகை இருக்கு"ம்பார்.

அட்டையத் தொறந்ததும் உள்பக்கம் ஒரு வரி இருக்கும். இருவர் தனித்தனியே படித்து ஒப்புக்கொண்ட கட்டுரைகளே இதில் வெளியாகும். ஒவ்வொரு இதழ்லயும் அந்த வரி. அந்த ரெண்டு பேருக்கு ரெஃப்ரீன்னு பேரு. நான் மொதல்ல பந்து விளையாட்டுல ஊதல் ஊதறவன்னு நெனச்சேன். எழுதினது யாருன்னு ரெஃப்ரீக்குத் தெரியக் கூடாது. ரெஃப்ரீ யாருன்னு எழுதினவருக்குத் தெரியக் கூடாது. அதனால கட்டுரை வந்ததும் எழுதினவர் பேர் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைக்கணும். அது என் வேலை. அடுப்படியில ஒரு கிண்ணம் மைதாப் பசை எப்பவும் இருக்கும். என் பொண்ணு ஒரு நாள் அத மோர்க்கூழுன்னு நெனச்சு ரெண்டு கரண்டி சாப்பிட்டுடுச்சு.

பேரு எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேடறதுக்காக நான் ஒரு வரி விடாம படிப்பேன். படிக்கணும்னு படிக்கல. "என் மேலதிகாரியான இன்னார் சொன்னபடி"ன்னு நடுவுல எங்கயாவது போட்டிருப்பாங்க, அதையும் மறைக்கணும் இல்ல. அப்படியே எல்லாம் மண்டைக்குள்ள போயிடுச்சு. நீ தண்ணி வடிஞ்சு வீட்டுக்குப் போனா, அரிசி டப்பாவுக்குப் பின்னால வெறுங்கைய விடாத. குச்சியால தட்டிட்டு எடு. வெள்ளம் வடிஞ்சப்புறம்தான் பாம்புக்கடி அதிகம்னு ஒரு ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியிருந்தார், ரெண்டு பேரும் சரின்னாங்க, போட்டோம். ஸ்விட்சு போடாத, சுவர் காயட்டும். அதுவும் போட்டோம்.

நல்லது நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஒரு பள்ளிக்கூடத்துல கூரை எரிஞ்சப்ப, இதுல படிச்ச மாதிரி புள்ளைங்கள வரிசையா இறக்கிட்டோம்னு ஒரு ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனார். இவர் அவர உக்கார வச்சு, "கூட யார் இருந்தாங்க, அவங்களையும் வரச் சொல்லுங்க"ன்னார். மனுஷன் பழத்த வச்சுட்டு ஓடியே போயிட்டார்.

அங்க ஒரு படகு வருதே, தேசப்பனா? அது நீலம். தேசப்பனோடது வெள்ளை, மூக்குல மாதா படம் இருக்கும். உனக்கும் நீலமாத்தான் தெரியுது? சரி.

பத்திரிகைக்கு வச்ச சட்டம் பத்திரிகையோட நின்னிருந்தா பரவாயில்ல. வீட்டுக்குள்ள வந்துடுச்சு. எனக்குப் பொண்ணு பொறக்கற நேரம். இடுப்பு வலி எடுத்துடுச்சு, வண்டி கூப்பிடுங்கன்னேன். இவர் சட்டையப் போட்டுக்கிட்டு விறுவிறுன்னு போனார். வண்டிக்குத்தான் போறாருன்னு பாத்தா, பக்கத்து வீட்டுச் சரோஜினி அம்மாவக் கூட்டிட்டு வந்து நிக்கறார். "இவளுக்கு வலி எடுத்திருக்கான்னு பாருங்கம்மா." வலி எனக்கு. சொல்ல வேண்டியது அவங்க. சரோஜினி அம்மா பாத்துட்டு, "ஏன் தம்பி, அவளே சொன்னா போதாதா?"ன்னாங்க. இவர், "அவ சொன்னா எப்படி, அவதானே சம்பந்தப்பட்டவ"ங்கறார். கடைசியில அம்பாசடர் கார்ல, ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பொறந்துச்சு எம்பொண்ணு. இப்பக் கோயமுத்தூர்ல இருக்கா. போன் போகல. போயிருந்தாலும் அவ என்னைத்தான் கத்துவா.

அவளுக்கு மாப்பிள்ளை பாத்த கதைய எடுத்தா பொழுது போயிடும். நல்ல எடம் ஒண்ணு, பேங்க்ல வேலை. ஒருத்தர் விசாரிச்சுட்டு தங்கமான பையன்னார். ரெண்டாவது ஆளுக்காக இவர் காத்திருந்தார் காத்திருந்தார், அந்தப் பையனுக்கு ரெண்டாவது புள்ளையே பொறந்துடுச்சு. பரவாயில்ல, இப்ப வந்திருக்கற மாப்பிள்ளையும் தங்கம்தான். என்ன, கொஞ்சம் பேச மாட்டார். நான் பேசறேன்னு பேச மாட்டாரோ என்னவோ.

எங்க விட்டேன்? ஆங், வீடு. நாங்க ஏன் இந்தத் தெருவுல இருக்கோம்ங்கறத சொல்லணும். அதுதாம்மா பெரிய கூத்து.

இவர் ரிட்டயர் ஆகற வருஷம் ஒரு கட்டுரை வந்துச்சு. திருமேனின்னு ஒரு இன்ஜினியர், ஏரி கண்மாய் வேலை பாக்கறவர். மேல இருக்கற ஏரி நிரம்பினா மிச்சத் தண்ணி போறதுக்கு ஒரு வாய்க்கா இருந்துச்சாம். அத மூடி மனை போட்டுட்டாங்க. பெருசா ஒரு மழை வந்தா தண்ணி அந்தப் பழைய வழியிலதான் எறங்கும், இன்னின்ன தெருவுல மாடி வரைக்கும் நிக்கும்னு படம் வரைஞ்சு, வாய்க்காவுக்கு நீல மை தீட்டி அனுப்பியிருந்தார். படத்தோட மூலையில கையெழுத்து. நான்தான் அது மேல காகிதம் ஒட்டினேன். ஒட்டும்போது தெருப் பேரெல்லாம் படிச்சேன்.

ஒரு ரெஃப்ரீ படிச்சுட்டு உடனே போடுங்கன்னு சொல்லிட்டார். இன்னொருத்தர் ஒரு புரபசர். அவருக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரி. அப்புறம் மகன்கிட்ட ஆஸ்திரேலியா போயிட்டார். கட்டுரையும் கூடவே போயிடுச்சு. நான் தாண்டினது கொள்ளிடம் வரைக்கும்தான், நான் பசை தடவின காகிதம் ஆஸ்திரேலியா பாத்துட்டு வந்துச்சு.

நான் சொல்லிப் பாத்தேன். "நான் படிச்சுட்டேன், சரியாத்தான் இருக்கு. அவர் வர்றப்ப வரட்டும், நீங்க போடுங்க."

"நீ படிச்சா அது படிச்சதா லோகா? நீ வீட்டு ஆள்."

"வீட்டு ஆளுக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியும். ஆனா நீ எனக்காகப் பாப்ப. எனக்காகப் பாக்கறவங்க சொன்னா அது கணக்குல வராது."

போயி சாம்பார்ல உப்புப் போட்டேன். போட்டேனான்னு சந்தேகம் வந்து திரும்பவும் போட்டேன்.

அந்த நேரத்துலதான் வீடு பாத்தோம். புரோக்கர் இந்தத் தெருவுக்குக் கூட்டிட்டு வந்தான். நல்ல காத்து, நல்ல வெளிச்சம், பின்னால வயல் மாதிரி பச்சைன்னு கிடக்கு. நான் தெருப் பலகையப் பாத்துட்டு இவர் காதுல சொல்றேன், "இது அந்தப் படத்துல நீல மையில இருந்த தெருவுங்க." இவர் சொல்றார், "அந்தக் கட்டுரை இன்னும் ஏத்துக்கப்படல. ஏத்துக்காத கட்டுரைய வச்சு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. நாளைக்கு யாராவது கேட்டா, ஆசிரியரே ஒத்தை ஆள் பேச்ச நம்பி நடந்தார்னு சொல்ல மாட்டாங்களா?"

வாங்கியாச்சு. பால் காய்ச்சி, அந்தப் பாத்திரம் கழுவக் கூட இல்ல, புரபசர்கிட்டேர்ந்து பதில் வருது. உடனே வெளியிடலாம். அவ்வளவுதான், ரெண்டே வார்த்தை. அடுத்த இதழ்ல வந்துச்சு, படத்தோட. எங்க வீடு அதுல நட்டநடுவுல.

அந்தத் திருமேனி ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். காபிய வாங்கிக்கிட்டு ஜன்னல் வழியா வெளிய பாத்தார். தம்ளர் அப்படியே கையில நிக்குது. "சார், இங்கயா வாங்கினீங்க?"ன்னார். இவர், "நாங்க வாங்கும்போது உங்க கட்டுரைக்கு ஒரு பார்வைதான் வந்திருந்துச்சு"ன்னார். அந்த மனுஷன் சிரிக்கறதா அழறதான்னு தெரியாம சக்கரை கேட்டார். நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். ஆனாலும் குடுத்தேன்.

வித்துட்டுப் போயிடலாம்னு நான் சொல்லாமயா இருந்திருப்பேன்? விக்கலாம், ஆனா வாங்க வர்றவங்ககிட்ட இந்த இதழைக் குடுத்துட்டுத்தான் விக்கணும்னார். வந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் நான் காபி குடுப்பேன், இவர் படம் போட்ட பக்கத்த விரிச்சுக் குடுப்பார். காபியக் குடிச்சுட்டு, ரொம்ப நன்றி சார்னு கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க. 'தயார்நிலை'ய எழுத்தெண்ணிப் படிச்சு, சொன்னபடி நடந்தவங்க அவங்கதான்னு நெனக்கறேன்.

இப்பப் பத்திரிகை அவர் கையில இல்ல. ஒரு காலேஜ் எடுத்துக்கிச்சு. காகிதம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்ல. அட்டைக்கு உள்பக்கம்னு ஒண்ணு இல்லாததால அந்த வரியும் இல்ல. ஒரு தடவை அந்தப் புள்ளைங்க வந்து, அம்பது வருஷம் ஆகப் போகுது, வரலாறு எழுதணும், பழைய இதழெல்லாம் குடுங்கன்னு கேட்டாங்க. இவர் பெருமையா எடுத்து அடுக்கினார். அப்புறம், "ஒருத்தர் எழுதினா போதாது, ரெண்டு பேர் தனித்தனியா எழுதுங்க, ஒத்துப் போனதப் போடலாம்"னார். அப்புறம் அதுங்க வரவே இல்ல. யாரு வருவா. எனக்கே அலுத்துப் போச்சு. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்துட்டு, அடுப்பு எரியுதுன்னு சொன்னாக் கூட எட்டிப் பாக்கற ஆளோட.

எனக்கென்ன பயமா? பயமெல்லாம் இல்ல. வந்தா வரட்டும், வராட்டி அங்கயே தன் பத்திரிகையெல்லாம் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கட்டும். ஃப்ரிட்ஜுல அவர் போட்டுக்கற ஊசி மருந்து இருக்கு. கரண்டு போனதுலேர்ந்து அது என்னாச்சோ. கலீல் கையில வேற குடுத்தனுப்பியிருக்கேன், ஐஸ் வச்சு. வழுக்கற தரையில நடந்தார்னா விழுவார். மூக்குக் கண்ணாடிய எங்க வச்சோம்னு தெரியாது அவருக்கு, எப்பவும் நான்தான் எடுத்துத் தரணும். டிவி மேல இருக்கு. சொல்லிட்டு வந்தேனான்னு தெரியல. சொன்னேன்னுதான் நெனக்கறேன்.

வானம் இன்னும் கறுக்குதா, இல்ல என் கண்ணுதான் அப்படியா? உனக்கும் கறுப்பாத்தான் இருக்கு. சாயங்காலம்னா எத்தனை மணிக்குத் தொறப்பாங்க, யாராவது தெரிஞ்சு வச்சிருக்காங்களா? சரி விடு. நீயும் தான் என்ன செய்வே.

அது வெள்ளை. மாதா படம் தெரியுதா பாரு. தெரியுது. தேசப்பன்தான். கலீல் முன்னால உக்காந்திருக்கான். நடுவுல ஒரு தாத்தா, போர்வை போத்தியிருக்கு. அவரா? இல்ல. அவர் இவ்வளவு குட்டை இல்ல. அந்தப் பின்னால இருக்கறது ஒரு அம்மா.

அவர் இல்ல.

தேசப்பா. எங்கப்பா? ஏன் வரல? இரு, நீ மொதல்ல அந்தப் பெரியவர எறக்கு, வழுக்கப் போகுது. மெதுவா. ம். இப்பச் சொல்லு.

தனித்தனியாத்தான் சொன்னீங்களா? அவன் சொல்லும்போது நீ படகுல, நீ சொல்லும்போது அவன் படகுல. சரி. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னீங்க. அப்புறம் என்ன கேட்டார்?

யார் அனுப்பினாங்கன்னு கேட்டாரா.

நீ என்ன சொன்னே? அம்மாதான்னு சொன்னியா. ஏண்டா கலீல், நீயும் அதையேதான் சொன்னியா? போச்சு. போச்சுப்பா. அத ஏன் சொன்னீங்க. ரெண்டு பேரையும் ஒரே ஆள் அனுப்பினா அது ரெண்டு பேர் இல்ல, ஒரு ஆள்தான். அப்படித்தானே சொன்னார்? எனக்குத் தெரியும். ரெஃப்ரீ ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்கன்னு கண்டுபுடிச்சு ஒரு இதழையே நிறுத்தி வச்சவர் அவர். இனி மூணாவது ஆளுக்கு நான் எங்க போவேன். சாயங்காலம் ஆகுதே.

என்னது?

இரு. திரும்பச் சொல்லு தேசப்பா. மெதுவாச் சொல்லு.

"அப்ப இதச் சொல்றது நீங்க ரெண்டு பேரும் இல்ல, லோகாதான். அவளே வந்து சொல்லட்டும். நான் எறங்கறேன்."

அப்படியா சொன்னார். நான் சொன்னா எறங்கறேன்னா. வேற யாரும் வேணாமாமா? நான் மட்டும் சொன்னாப் போதுமாமா? நீ எதையும் சேக்கலையே தேசப்பா, வயசானவ மனசுக்கு நல்லாருக்கும்னு. சத்தியமாச் சொல்றே.

நீ கொஞ்சம் அந்தத் தூணுக்கு அந்தாண்ட போயி நில்லுப்பா. கோவிச்சுக்காத. போ.

கலீலு, நீ இங்க வா. தேசப்பன் சொன்னத விடு. உன் காதுல என்ன விழுந்துச்சோ அதச் சொல்லு. மொதல்லேர்ந்து.

ம்.

ம்.

அதே வார்த்தைதான்.

கையக் குடும்மா. முட்டி புடிச்சுக்கிச்சு. இந்த உப்புமாவ மூடி வை, அவரும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.